வேலிக்கு அந்தப் பக்கத்துக் கற்கள்

யாராவது இறந்துபோனார் என்று சொன்னால் எப்படி என்று அவர் கேட்கமாட்டார். "எங்க?" என்பார். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, ரோட்டிலா. அதற்குப் பதில் வந்த பிறகுதான் முகத்தில் வருத்தம் வரும். நல்ல மாம்பழம் கொடுத்தாலும் அதே கேள்விதான். போனில் கூப்பிட்டால் முதலில், "எங்க நின்னு பேசறீங்க சார்?" எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் என் மனைவி என்னை எச்சரிப்பாள். "காபிக்கொட்டை எந்த எஸ்டேட்டுன்னு கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லிக்குங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் பெயர் ஓர் ஆய்வறிக்கையில் அச்சாகியிருக்கிறது. அதே அறிக்கையில் நான் சொன்ன ஒரு பொய்யும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் மறுபடி ஒரே தாளில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மல்லேஸ்வரத்தில் இருக்கிறேன். மேடம் கண்டோன்மெண்ட் பக்கம் சர்ச்சுக்குப் பின்தெருவில் வளர்ந்தவர். ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவர், வயது இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைமேடுகளில் கல் தேடக் கிளம்பினார். வெங்கச்சாங்கல்லில், அதாவது குவார்ட்ஸில், செதுக்கிய அம்புமுனைகள். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பார்க்கத் தெரியாதவனுக்கு ஜல்லிச்சில். எழுத்தும் இரும்பும் இல்லாத காலத்து வேட்டைக்காரர்கள் இந்த மண்ணில் எங்கே தங்கினார்கள், எங்கே வேட்டையாடினார்கள், எந்த வழியாகப் போய்வந்தார்கள் என்பதை அந்தச் சில்லுகள் கிடக்கும் இடங்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கட்சி. கல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்து, அதே சேலையோடு, காலில் மட்டும் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

பையில் எப்போதும் ஒரு கட்டு சைக்கிள் ஸ்போக்குக் கம்பி இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி. ஒரு முனை கண்ணில் பட்டால் அதன் பக்கத்தில் கம்பியைக் குத்திவிட்டு, இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பதிந்து, வரைபடத்தில் புள்ளி வைத்த பிறகுதான் கல்லைத் தொடவேண்டும். முந்திக்கொண்டு எடுத்தவனுக்கு அன்று முழுக்க அவரிடமிருந்து பேச்சு கிடையாது. எடுத்த கல்லை நாக்கு நுனியால் நனைத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பார். ஈரத்தில்தான் செதுக்கிய தடம் தெரியும். "மண்ணு உப்பா இருக்கு" என்பார் சில நாள், ஏதோ குழம்பை ருசிபார்த்தவர் மாதிரி.

ஒருமுறை ஒரு பெரியவர் தன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியைக் காட்ட எங்களை அழைத்தார். வெல்வெட் துணியில் வரிசையாக அம்புமுனைகள். சில முனைகளுக்கு ஊடாக விரல் தெரிந்தது, அவ்வளவு தெளிந்த படிகம். நான் வாய்பிளந்து நின்றேன். மேடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். பெரியவர் கையை விரித்தார். "அங்கங்க வாக்கிங் போறப்ப எடுத்ததும்மா. இத்தனை வருஷத்துல யாருக்கு ஞாபகம் இருக்கு?"

வெளியே வந்து மேடம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "அத்தனையும் அனாதைங்க சார். நல்லா குளிப்பாட்டி, சட்டை போட்டு உக்கார வெச்சிருக்காரு. எந்த வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா ஒண்ணுத்துக்கும் சொல்லத் தெரியல."

அன்று நானும் சிரித்தேன். தலையாட்டிக்கொண்டே சிரித்தேன்.

அவருடைய முக்கியமான கணக்கை எனக்கு விளக்கியது பெங்களூருக்குத் தெற்கே, ஹெப்பகோடியில் ஒரு மெஸ்ஸில். ஷிப்டு முடிந்து வந்த தமிழ்நாட்டுப் பையன்கள் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒரு தீக்குச்சியின் நுனியில் சோற்றைப் பிசைந்து ஒட்டி, அதில் அப்பளத் துண்டு ஒன்றைச் செருகினார்.

"இதான் அம்பு. சோறுதான் பிசின். அப்பளம் கல்லு. இப்ப நான் மானை அடிக்கிறேன்." என் இலையில் இருந்த உருளைக்கிழங்கில் ஒரு குத்து. அப்பளம் பாதியில் முறிந்தது. "முனை எங்க போச்சு? மானோட போச்சு. இல்ல, அங்கயே புல்லுல விழுந்துச்சு. குச்சியில என்ன மிச்சம்?"

"அடித்துண்டு."

"குச்சியைத் தூக்கிப் போட்டுருவானா? போடமாட்டான். நேரான குச்சி கிடைக்கிறதுதான் கஷ்டம், கல்லு எங்கயும் கிடக்கு. அதனால குச்சியை வீட்டுக்கு எடுத்துட்டு வருவான். நெருப்புகிட்ட உக்காந்து பிசினை இளக்கி, உடைஞ்ச அடித்துண்டைப் பிடுங்கித் தரையில போட்டுட்டு, புதுக் கல்லை வெப்பான். அப்ப முனை மட்டும் கிடக்கிற இடம்?"

"வேட்டைக்காடு."

"அடித்துண்டு குவிஞ்சு கிடக்கிற இடம் வீடு. அவ்வளவுதான் சார் என் படிப்பு."

"கறிக்குள்ள மாட்டிக்கிட்டு முனையும் வீட்டுக்கு வரலாமே?"

"வரட்டுமே. வந்தா ரெண்டும் சேர்ந்து கிடக்கும். முனை மட்டும் தனியாக் கிடந்தா அது வீடில்ல."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் கையைத் தூக்கி, "இன்னாம்மா, சாரோட உருளைக்கிழங்க சாவடிச்சிட்டீங்க" என்றான். மேசையே சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் இந்தக் கணக்கு அவருக்கு விளையாட்டு இல்லை. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது அறிஞர் ஒருவர், "உடைந்த கல்லை வைத்து வீடு கட்டுகிறீர்கள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். எங்காவது ஓர் இடத்தில், மண்ணுக்குள், பழைய அடுப்பும் அதைச் சுற்றி அடித்துண்டுகளும் ஒன்றாகக் கிடப்பதைக் காட்டவேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இந்தக் கதையில் போனதும் அதுதான்.

ஹெப்பகோடியைத் தாண்டி ஒரு பாறைமேடு இருந்தது. அதன் கிழக்கே மாடு மேய்க்கிற அரசாங்க நிலம், நடுவில் ஒரு குட்டை. மேற்கே ஒரு கௌடரின் ராகி வயல். இரண்டுக்கும் நடுவில் முள்கம்பி வேலி. மேய்ச்சல் நிலத்தில் குட்டையைச் சுற்றி எங்களுக்கு முனைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. எல்லாம் முறிந்த முனைகள், பால்போல வெளுத்த கல். தண்ணீருக்கு வந்த விலங்கைப் பாறை மறைவிலிருந்து அடித்திருக்கிறார்கள் என்று மேடம் சொன்னார். அப்படியானால் அடித்தவர்கள் எங்கே படுத்தார்கள்? அடித்துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மேடம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்த கௌடர் ஒருநாள் கிட்ட வந்தார். எந்தப் பாஷையில் ஆரம்பித்தாலும் இன்னொரு பாஷையில் முடிக்கிற மனிதர்.

"மேடம், நீங்க தேடறது தேடுங்க, நான் பேடா, வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா ராகி நிக்குது. கால் வெச்சா போச்சு. கொய்லு ஆகட்டும், அறுத்து முடிச்சதும் நானே கூப்பிடறேன்."

"அதுவரைக்கும் எங்க ஆளுங்க யாரும் வேலியைத் தாண்டமாட்டாங்க கௌடரே. இது என் வார்த்தை."

"உங்க வார்த்தை சாகு மேடம்" என்றார் அவர். போதும் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் நல்ல மழை பெய்தது. மழைக்குப் பிறகு மண் கழுவப்பட்டுக் கல் மேலே தெரியும். ஞாயிறு வரை என்னால் பொறுக்கமுடியவில்லை. வார நாளில் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். மேய்ச்சல் நிலத்தில் ஒன்றுமில்லை. வேலியோரம் நடந்தபோது ராகி வரிசைகளுக்கு நடுவில் ஏதோ மின்னியது. ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அறுபதைத் தாண்டிய மனிதன், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்கம்பிக்கு நடுவில் குனிந்து நுழைந்தேன்.

வயலின் நடுவே ஒரு புளியமரம். அதற்கு நேரே, கைக்குட்டை விரிக்கிற அகலத்தில், நான்கு துண்டுகள். எடுத்தவுடன் தெரிந்துவிட்டது. எல்லாம் அடித்துண்டுகள். புகை படிந்த மாதிரிச் சாம்பல் நிறம், ஊடே துருச்சிவப்பில் ஒரு கோடு. கம்பி குத்தவில்லை. பதியவில்லை. அள்ளி, கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அந்த நிமிஷம் போன் அடித்தது. மேடம்.

"எங்க இருக்கீங்க சார்?"

ராகி என் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "வீட்லதான் மேடம்" என்றேன்.

அந்தப் பொய்யோடு நின்றிருக்கலாம். கற்களைத் திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவர் முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையைப் பிரித்தேன். மேடம் முகம் மலர்ந்தது. அடுத்த மூச்சில், நான் எதிர்பார்த்த கேள்வி. வேலியைத் தாண்டினேன் என்று சொன்னால் அவருடைய வார்த்தையை நான் உடைத்தேன் என்று ஆகிவிடும். அந்தக் கற்களையே ஒதுக்கிவிடுவார். என்னையும் ஒதுக்குவார்.

"இந்தப் பக்கம்தான் மேடம். பாறைச் சரிவுக்குக் கீழே, வேலிக்குக் கொஞ்சம் முன்னால."

"எடுக்கறதுக்கு முன்னால ஏன் கம்பி குத்தலை?"

"கம்பி உங்ககிட்டதானே இருக்கு."

அவர் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். பேராசிரியர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாயில்லையா என்று கேட்டார். அந்தத் திட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. சின்னத் தப்புக்கு வாங்கிக்கொண்டு பெரிய தப்பை மறைத்துவிட்டேன். பிறகு ஒரு கம்பியை என் கையில் கொடுத்தார். "நடந்து போய் அந்த இடத்துல குத்துங்க."

போனேன். ஒன்றுமில்லாத சரிவு. ஒரு காட்டாமணக்குச் செடி, கொஞ்சம் ஆட்டுப்புழுக்கை. கம்பியைக் குத்தினேன்.

"நிச்சயமா இங்கயா?"

"நிச்சயமா."

அவர் கற்களை நாக்கில் நனைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், குட்டைப் பக்கத்துக் கல்லெல்லாம் வெள்ளையா இருக்கே. இது மட்டும் ஏன் இப்படி?"

கல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்கத்தான் என்னை வைத்திருந்தார். நான் பதில் சொன்னேன். சரிவில் இறங்குகிற தண்ணீரில் இரும்புச் சத்து இருக்கும், நீண்ட காலம் ஊறினால் வெங்கச்சாங்கல்லும் கறை ஏறும், அந்தக் கோடு அதனால் வந்ததுதான் என்றேன். கேட்டால் எந்த மாணவனும் நம்புவான். முப்பது வருஷம் வகுப்பெடுத்த வாய். மேடம் எழுதிக்கொண்டார். நான் படித்த படிப்பு எனக்கு அவ்வளவு கைகொடுத்தது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. மேய்ச்சல் நிலம் ஏதோ கட்டடத்துக்கு ஒதுக்கப்படப்போவதாகப் பேச்சு வந்தது. மேடம் அலைந்து திரிந்து ஒரே ஒரு குழி தோண்ட அனுமதி வாங்கினார். எங்கே தோண்டுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. என் கம்பியைச் சுற்றிச் சதுரமாகக் கயிறு கட்டினார்.

கயிறு கட்டிய அன்று கௌடர் வேலியோரம் வந்து நின்றார். பின்னால் வயல் மொட்டையாகக் கிடந்தது.

"மேடம், கொய்லு முடிஞ்சுது. சொன்ன மாதிரி கூப்பிட வந்தேன். பன்னி பன்னி, உள்ள வாங்க, எங்க வேணுமோ நடந்து பாருங்க. தோண்டணும்னாலும் தோண்டுங்க."

மேடம் இரண்டு கையையும் கூப்பினார். "ரொம்ப தேங்க்ஸ் கௌடரே. ஆனா எங்களுக்கு வேண்டியது இந்தப் பக்கமே கிடைச்சிருச்சு. சார்தான் கண்டுபிடிச்சாரு."

கௌடர் என்னைப் பார்த்து, "பெரியவரு கண்ணு நல்ல கண்ணு" என்றார். நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கிறவன் போலக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை. 'போய்ப் பார்த்துட்டு வரலாமே மேடம்' என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். வேலியைத் தாண்டினேன் என்று ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம். அதுகூட எனக்குப் பிறகுதான் தோன்றியது. அப்போது, வயலுக்குள் போனால் அங்கே அதே நிறக் கல்லை அவர் பார்த்துவிடுவார் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து ஹெப்பகோடியில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த குப்பு என்ற பெண்ணும் அவள் புருஷனும்தான் தோண்டினார்கள். குப்புவுக்கு வாய் ஓயாது. "யம்மா, தங்கம் கிடைச்சா எனக்கு ஒரு மூக்குத்தி." "வெங்கச்சாங்கல்லுதான் வேணும்னா சொல்லும்மா, எங்க ஊர்ல ஏரிக்கரையில லோடு கணக்கா கிடக்கு." மேடமும் ஈடுகொடுப்பார். மண்ணைச் செதில் செதிலாகச் சீவி எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு கூடையையும் சல்லடையில் தானே சலித்தார்.

ஒன்றும் வரவில்லை. செம்மண், அதன் கீழே சரளை, அதன் கீழே பாறை. முதல் வாரம் மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் சலித்த மண்ணையே மறுபடி சலிக்க ஆரம்பித்தார். குப்புவின் பேச்சும் குறைந்துபோயிற்று. என்னிடம் மட்டும் தனியாக, "அய்யா, அந்தம்மா ராத்திரி சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள். தினமும் காலையில் பஸ்ஸில் வரும்போது இன்று சொல்லிவிடுவேன் என்று வாக்கியத்தைக் கோத்துக்கொண்டு வருவேன். குழிக்குள் முழங்காலிட்டிருக்கிற அவருடைய முதுகைப் பார்த்தவுடன் வாக்கியம் கலைந்துவிடும்.

பாறை தட்டியதும் மேடம் எழுந்து, குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். சேலை முழுக்கச் செம்மண். நான் தயாராக இருந்தேன். 'உண்மையிலேயே இங்கதான் எடுத்தீங்களா' என்று அவர் கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"என் கணக்குதான் தப்பு சார்" என்றார். "அடித்துண்டு கிடந்தா வீடுன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நாலு அடித்துண்டு கிடந்த இடத்துல ஒரு கரித்துண்டுகூட இல்ல. அந்த மனுஷன் கூட்டத்துல சொன்னது நியாயம்தான்."

என் வார்த்தையைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. பதிலாகத் தன் புத்தியைச் சந்தேகித்தார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். இந்த இடத்தில் கிடைத்த சான்று என் கருத்தை ஆதரிக்கவில்லை, கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. அனுப்புவதற்கு முன்னால், மொழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கொடுத்தார். நான் ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன்.

மேடம் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. வீட்டில்தான், தூக்கத்தில். கடைசிவரை யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் இன்னும் என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஓர் இளம் ஆய்வாளர் மேடையில் பேசும்போது, முறிந்த கற்களை வைத்து வசிப்பிடத்தைச் சொல்லமுடியாது என்பதற்கு மேடத்தின் அந்த அறிக்கையைச் சான்றாகக் காட்டினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அறிக்கையில் பாறைச் சரிவு என்று குறித்திருக்கும் நான்கு கற்களும் வேலிக்கு மேற்கே, ராகி வயலில், புளியமரத்துக்கு நேரே எடுத்தவை. எடுத்தவன் நான். இதை அவருக்கு ஒருமுறை சொன்னேன். சொன்ன நாளையும் எழுதிவிடுகிறேன்.

அறிக்கை போன பிறகு, கோடை வெயில் ஏறத் தொடங்கிய சமயம், கௌடர் மேடத்துக்குப் போன் செய்தார். வயலை லேஅவுட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். மண்ணை வழித்துக்கொண்டிருக்கிறார்களாம். "நீங்க தேடற மாதிரி கல்லு நெறைய வருது மேடம்." மேடம் எனக்குச் சொல்லி, நாங்கள் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தோம்.

புளியமரம் இல்லை. வேலி இல்லை. இரண்டு ஜேசிபி வேலை செய்துகொண்டிருந்தன. வயல் இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம். பக்கத்தில் மண்குவியல்கள். குவியலின் சரிவெங்கும் சாம்பல் நிறச் சில்லுகள். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலில் ஏறினார்.

"யம்மா! தள்ளும்மா, பக்கெட்டு சுத்துது!" ஜேசிபி ஓட்டுகிற ஆள் கத்தினான். கிருஷ்ணகிரிப் பேச்சு.

"இதை எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தேப்பா?"

"எதைம்மா?"

"இந்த மண்ணை. எந்த மூலை, எவ்வளவு ஆழம்?"

"அதெல்லாம் யாரும்மா பாக்கறது? எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. கறுப்பாக் கொஞ்சம் மண்ணு வந்துச்சு, அடுப்புச் சாம்பலாட்டம். அதுவும் இதுலதான் எங்கயோ கிடக்கும்."

மேடம் குனிந்தார். ஒரு சில்லை எடுத்து நாக்கில் நனைத்தார். இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் அடித்துண்டுகள். எல்லாவற்றிலும் அந்தத் துருச்சிவப்புக் கோடு. கௌடர் கீழே நின்றபடி, "அன்னிக்கே கூப்பிட்டேனே மேடம்" என்றார். குரலில் குற்றம் இல்லை, வருத்தம்தான்.

மேடம் இறங்கி என்னிடம் வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான்.

"வேலிக்கு அந்தப் பக்கம்தான் எடுத்தேன் மேடம்" என்றேன். "நீங்க வார்த்தை குடுத்திருந்தீங்க. தாண்டிட்டேன்னு சொல்லப் பயந்து மாத்திச் சொன்னேன்."

"எந்த வரிசைல?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ராகி வரிசைல, எந்த இடத்துல சார்?"

"புளியமரத்துக்கு நேரே."

அவர் திரும்பி, புளியமரம் இருந்த திசையில் காற்றைப் பார்த்தார். ஜேசிபியின் கை அங்கே மேலேறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் முகத்தில் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சந்தோஷம். குழந்தைக்குப் பரீட்சையில் பாஸ் என்று சொன்னால் வருமே, அது.

"அப்ப என் கணக்கு சரி" என்றார். "சார்! சாம்பல், அடித்துண்டு, ரெண்டும் ஒண்ணா. இங்கதான் இருந்திருக்காங்க. நான் சொன்னது சரிதானே?"

"சரிதான் மேடம்."

"சரிதான்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஜேசிபி ஒரு லாரியில் மண்ணைக் கொட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் திரும்பியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

"திருத்தம் எழுதுங்க மேடம். என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றேன்.

"எழுதி, எதைக் காட்டறது? இந்தக் குவியலையா?" குரல் உயரவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

லாரி டிரைவர் கதவைத் திறந்து ஏறப்போனான். மேடம் அவனிடம் போனார். "இந்த மண்ணை எங்கப்பா கொட்டுவே?"

"சர்ஜாபூர் பக்கம்மா. ஒரு சைட்ல பள்ளத்தை மண்ணு போட்டு ரொப்பறாங்க."

மேடம் என்னிடம் திரும்பினார். "கேட்டீங்களா? நாளைக்கு எவனாவது அங்க இந்தக் கல்லைப் பொறுக்கி, சர்ஜாபூர்ல ஆதிமனுஷன் குடியிருந்தான்னு எழுதுவான். ஒருத்தனும் இருந்திருக்கமாட்டான்." பிறகு டிரைவரிடம், "தள்ளி உக்காருப்பா, நானும் வர்றேன்" என்றார்.

"லோடு வண்டிம்மா, சேலையெல்லாம் வீணாப்போயிரும்."

"ஏற்கெனவே போச்சு. கையைக் குடு."

அவர் ஏறினார். நானும் படியில் கால் வைத்தேன். அவர் மேலேயிருந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க இங்கயே நில்லுங்க சார். அடுத்த வண்டி வேற இடத்துக்குப் போகலாம். கேட்டு வையுங்க. கேட்டதை அப்படியே சொல்லுங்க."

லாரி கிளம்பிப் போனது. புழுதி அடங்கும் முன்பே அடுத்த லாரி வந்து பின்பக்கமாக நின்றது. ஜேசிபி அதில் நான்கைந்து முறை வாரிக் கொட்டியது. அந்த மண்ணிலும் சாம்பல் நிறச் சில்லுகள் தெரிந்தன. நான் டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல சாமி" என்றான் அவன். "எங்க பள்ளம் இருக்குன்னு போன்ல சொல்றாங்களோ, அங்க கொட்டுவேன்."

"அது எங்கன்னு தெரிஞ்சதும் எனக்குச் சொல்லுவியா?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கழுத்தில் டை மாதிரி தொங்கிய மூக்குக்கண்ணாடிக் கயிறு, செம்மண் படாத சட்டை. "எதுக்கு சாமி, உங்களுது ஏதாவது இதுல மாட்டிக்கிச்சா?"

ஆமாம் என்றேன். என் நம்பரை வாங்கிக்கொண்டான். அன்று சாயங்காலம் வரை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, ஒவ்வொரு லாரியிடமும் போய்க் கேட்டேன். சிலர் சொன்னார்கள், சிலர் சிரித்தார்கள். மேடம் திரும்பி வந்து குவியலின் ஓரமாக நின்றபோது, தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் அவரிடம் சொன்னேன்.